வெள்ளிக்கிழமைக் கொக்குகள்

திங்கட்கிழமை வந்த கடிதத்தை அப்துல் ஸமட் மூன்று தரம் வாசித்தார். முதல் தரம் நின்றுகொண்டு வாசித்தார். இரண்டாம் தரம் கதிரையில் அமர்ந்து வாசித்தார். மூன்றாம் தரம் வாசித்து முடித்தபோது, எழுவதா இருப்பதா என்று தெரியாமல், கதிரைக்கும் தரைக்கும் நடுவே பாதியிற் குனிந்து நின்றார்.

"உமது நிலையத்திலிருந்து வந்த மாதாந்தப் பதிவுகளில், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பறவைகளின் தொகை தவறாமற் குறைகின்றது. சென்ற ஆண்டு யூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை எல்லா நாள்களிலும் குறைகின்றது. ஒக்டோபரில் ஒரு நாள் களப்பில் ஒரு பறவைகூட இருக்கவில்லை. இதற்குரிய காரணத்தை நேரில் அறிய விரும்புகிறேன். அடுத்த புதன்கிழமை வருவேன். பதிவேடுகளும், அங்கு தங்கியிருக்கும் கலைஞரின் சித்திரங்களும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். உமது நிரந்தர நியமனம் பற்றியும் அன்றே முடிவு செய்யப்படும்."

கீழே, கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருக்கும் மேலதிகாரி கலாநிதி நல்லரெத்தினத்தின் கையொப்பம் ஊசிமுனைபோல் மெலிந்து நின்றது.

பறவைகள் குறைவதற்குரிய காரணம் கலாநிதிக்குத்தான் தெரியவில்லை. ஸமட்டுக்கு நன்றாகத் தெரியும். காரணம் ஸமட்.

அவருடைய கடமை எளிமையானது. கடலோடு சேரும் உப்புநீர்க் களப்பின் ஓரத்தில் இரண்டு அறைகளுடன் நிற்கும் அந்தப் பறவை ஆய்வு நிலையத்தில், நாள்தோறும் காலை ஆறு மணிக்கும், நண்பகல் பன்னிரண்டு மணிக்கும், மாலை நான்கு மணிக்கும் பரண்மீது ஏறி, கண்ணுக்கெட்டிய பறவைகளை எண்ணி, மூன்று தொகைகளையும் கூட்டிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமைகளிற் பதினொரு மணிக்கே சைக்கிளில் ஏறி, சாய்ந்தமருதுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார். தொழுகை முடிந்தால் வீட்டில் நெய்ச்சோறு. நெய்ச்சோறு முடிந்தால் நித்திரை. நித்திரை முடியும்போது பறவைகளும் தத்தம் இருப்பிடங்களுக்குப் போயிருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமைகளிற் காலைத் தொகை மட்டுமே ஏட்டில் ஏறும். நோன்பு மாதத்திற் பரணில் மூன்றாந் தரம் ஏறுவதற்கு உடம்பு இடங்கொடாது; மாலைத் தொகை விடுபடும். ஹஜ்ஜுப் பெருநாளன்று அவர் நிலையத்துக்கு வரவேயில்லை. "விடுமுறை" என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லாமையாற் பூச்சியம் என்று எழுதினார்.

ஐந்து ஆண்டுகளாக அவர் ஒரு பறவையைக்கூடக் கூட்டி எழுதியவரல்லர். கண்ட பறவையை எழுதினார். காணாத பறவையை எழுதவில்லை. காணாமைக்குக் காரணம் பறவையா தாமா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

"என்னங்க, முகம் கருவாடு மாதிரிக் காஞ்சு போய் இரிக்கி?" என்று கேட்டபடி குசினியிலிருந்து றாஹிலா வந்தாள். நிலையத்தில் தங்கியிருக்கும் கலைஞருக்குச் சமைப்பதற்காகக் கணவனுடன் நாள்தோறும் அவளும் வந்துபோவாள்.

"நியமனம் போச்சு, றாஹிலா."

"வராத நியமனம் எப்பிடிங்க போற?"

"வாறத்துக்கு வழியில நிண்டிச்சு. இப்ப திரும்பிப் போகுது."

கடிதத்தின் உள்ளடக்கத்தை அவர் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இதுக்கென்ன? ஜும்ஆக்குப் போற எண்டு உள்ளதச் செல்லுங்க."

"அஞ்சு வருசம் செல்லாதத இப்ப செல்லுறதா? நாள் கூலிக்கு நிக்கிற அமைய ஊழியன் நான். ‘நாளையில இருந்து வராத’ எண்டு ஒரு சொல்லோட அனுப்பிடுவாங்க. கொக்கு வரல்ல எண்டே இரிக்கட்டும். ஏன் வரல்ல எண்டு கொக்கிட்டப் போய்க் கேக்கட்டும்!"

"அப்ப ரீச்சர்ட படம்?"

ரீச்சர் என்றது அடுத்த அறையில் தங்கியிருக்கும் கலைஞரை; அவருடைய சித்திரங்களை ஸமட் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

திணைக்களத்தில் ஒரு புதிய ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கீழைக் கரையோரத்தில் உள்ள ஒன்பது ஆய்வு நிலையங்களிலும் ஒரு கலைஞர் மாதத்துக்கு ஒன்றாகத் தங்கி, கண்டதையெல்லாம் சித்திரமாகத் தீட்ட வேண்டும் என்பது அது. திருக்கோவிலைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை மீனாம்பிகை அதற்குத் தெரிவாகியிருந்தார். எட்டு நிலையங்களை முடித்துக்கொண்டு, 1981ஆம் ஆண்டு தை மாத முடிவில் ஒன்பதாவதாக இங்கு வந்திறங்கினார். பெட்டி ஒன்று, பலகை ஒன்று, தூரிகைகள் பதினான்கு. வந்த நாளிலிருந்து விடியலில் அமர்ந்தால் இருட்டும்வரை எழாமற் களப்பைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வெள்ளிக்கிழமையும் ஒன்றுதான், வியாழக்கிழமையும் ஒன்றுதான்.

ஸமட் அடுத்த அறைக்குப் போனார். சுவர் முழுவதும் சித்திரங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் திகதி, நேரம், பறவைத் தொகை. சென்ற வெள்ளிக்கிழமைச் சித்திரம் நடுவிலே தொங்கியது: "நண்பகல் 12.10. கொக்கு 47."

"ரீச்சர், இந்தப் படத்தில கொக்குக் கொஞ்சம் கூடிப் பெயித்துப் போல."

"கூடல்ல. நாற்பத்தேழு," என்றார் மீனாம்பிகை, திரும்பிப் பாராமலே.

"ஒரு முப்பத அழிச்சுப் போட்டா, களப்பு நல்ல வடிவாத் தெரியுமே?"

"அழிக்கிறதுக்கு அதுகள் என்ன குற்றம் செஞ்சதுகள், தம்பி?"

"குற்றம் அதுகள்ள இல்ல ரீச்சர். வெள்ளிக்கிழமைதான் குற்றம். நீங்க றாஹிலாக்கு மட்டும் கண்ணில்லாம ஒரு நீர்க்காகம் கீறிக் குடுத்தீங்கதானே?"

தொழுகின்ற வீட்டிற் கண்ணும் முகமுமாய் உருவப் படம் வேண்டாம் என்று றாஹிலா கேட்டுக்கொண்டதும், ஆசிரியை அவளுக்கு ஒரு நீர்க்காகம் தீட்டிக் கொடுத்ததும் உண்மைதான். மீனாம்பிகை தூரிகையைக் கீழே வைத்தார். பாடசாலையில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளை நடுங்கவைத்த பார்வையால் ஸமட்டைப் பார்த்தார்.

"கண்ணில்லாம நான் கீறல்ல. அந்த நீர்க்காகம் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது. கண் ரெண்டும் மற்றப் பக்கம் இருக்கு. இருக்கிறதை நான் விட மாட்டன். இல்லாததைப் போட மாட்டன்."

"மற்ற எட்டு நிலையத்திலயும் இப்பிடித்தான் ஒண்டு விடாமக் கீறினீங்களா?"

"ஓம். அங்கயெல்லாம் ஒரு கரைச்சலும் இல்ல. கொக்கைக் கூட்டு எண்டோ குறை எண்டோ கேட்ட ஆள் நீ ஒராள்தான்."

தம்மைவிட மோசமான ஊழியன் இந்தக் கரையோரத்தில் இல்லை என்ற முடிவுடன் ஸமட் வெளியே வந்தார்.

சித்திரத்தை மாற்ற முடியாதென்றால், களப்பை மாற்றிவிட வேண்டியதுதான். வருகிற வெள்ளிக்கிழமை நண்பகலிற் பறவைகள் உண்மையாகவே இல்லாமற் போனால், ஆசிரியை வெறுங்களப்பைத் தீட்டுவார். சென்ற வெள்ளிக்கிழமை வந்த நாற்பத்தேழும் வழிதவறி வந்தவை என்று சொல்லிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை பாண்டிருப்பிலுள்ள ஒரு கடையில் நான்கு கட்டுச் சீனவெடி வாங்கினார்.

"என்ன காக்கா, வீட்டில கலியாணமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் கடைக்காரர்.

"கலியாணமில்ல. ஆக்கள அனுப்பி வைக்கிற காரியம்."

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குத் தோணியில் ஏறி, பறவைகள் கூடும் எதிர்க்கரைக்குப் போனார். சத்தம் பெருகட்டும் என்று வெடிக்கட்டுகளை ஒரு வெற்று மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் இட்டுத் திரியைப் பற்றவைத்தார். தகரம் அவர் எதிர்பார்த்ததைவிட நேர்மையாக உழைத்தது. களப்பு அதிர்ந்தது. கொக்கு, நாரை, கூழைக்கடா என்று எதிர்க்கரையில் இருந்த அனைத்தும் ஒரே மூச்சில் வானத்தில் எழுந்தன. ஸமட்டின் உள்ளமும் அவற்றோடு எழுந்தது. திரும்பிப் பாராமல் தோணியை வலித்து, சைக்கிளை மிதித்து, முகத்தையும் சரியாகக் கழுவாமற் பள்ளிவாசலுக்கு விரைந்தார்.

அன்றைக்கு நெய்ச்சோறு தொண்டையில் இறங்கியதே தவிர, நித்திரை கண்ணில் இறங்கவில்லை. இரண்டு மணிக்கே நிலையத்துக்குத் திரும்பினார்.

எதிர்க்கரை வெறிச்சோடிக் கிடந்தது. நிலையத்தின் முற்றமோ கலியாண வீடாயிருந்தது. வெடிக்குப் பயந்து எழுந்த பறவைகள், களப்பிலேயே அமைதியான இடம் எதுவென்று ஆராய்ந்து, ஆடாமல் அசையாமல் ஓர் அம்மையார் அமர்ந்திருக்கும் அந்த முற்றத்தைத் தெரிந்தெடுத்து வந்து இறங்கியிருந்தன. மீனாம்பிகை மூன்றாவது தாளில் இருந்தார்.

"தம்பி, மெல்ல வா, மெல்ல வா!" என்றார் அவர். அந்த முகத்திற் சிரிப்பை ஸமட் அன்றுதான் கண்டார். "எட்டு மாசம் சுத்தியும் இப்பிடி ஒரு காட்சி எனக்குக் கிடைக்கல்ல. எங்கயோ என்னவோ வெடிச்ச சத்தம் கேட்டுது, வானம் இருண்டுது, களப்பில உள்ளது முழுக்க எனக்கு முன்னால வந்து நிண்டுட்டுது. நூற்றுப் பதின்மூன்று! ஒவ்வொண்டுட கண்ணும் தெரியுது!"

"ஓம் ரீச்சர். நல்ல வடிவு," என்றார் ஸமட், அழாத குறையாக.

"உன்ட மூஞ்சில என்ன கரி?"

"அது... சைக்கிள் செயின் கழண்டு போச்சு, ரீச்சர்."

"செயினை மூக்காலயா பூட்டினாய்?"

இனி ஒரே வழிதான் மிச்சம். சித்திரத்தையும் மாற்ற முடியாது, பறவையையும் மாற்ற முடியாது, பதிவேட்டை மாற்றிவிடலாம். வெள்ளிக்கிழமைகளும் மற்ற நாள்களைப் போலவே இருக்கும்படி ஐந்து ஆண்டுப் பதிவுகளையும் புதிதாக எழுதிவிடுவதென்று தீர்மானித்தார். சனிக்கிழமை கல்முனைச் சந்தைக்குப் போய் ஐந்து பெரிய கொப்பிகள் வாங்கிவந்தார்.

"மாசாமாசம் கொழும்புக்கு ஒரு பிரதி அனுப்புறீங்களே, அது?" என்று கேட்டாள் றாஹிலா.

"என்ட நிரந்தர நியமன விண்ணப்பத்த மூண்டு தரம் துலைச்ச கந்தோர் அது. கொக்குக் கணக்கயா பூட்டி வெச்சிரிக்கப் போறாங்க? ஐயா கையில அகப்பட்டது ஒண்டு ரெண்டு மாசத்துக் கடுதாசியாத்தான் இரிக்கும்."

அந்த நியாயத்தில் அவளாற் குறை காண முடியவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள்களும் பகல் முழுவதும் வேலை நடந்தது. பழைய ஏட்டைப் பார்த்து அவள் வாசிப்பாள். புதிய ஏட்டில் அவர் எழுதுவார். வெள்ளிக்கிழமை வரும்போது வாசிப்பு நின்றுவிடும். அங்கே நண்பகலுக்கு ஓர் எண்ணும் மாலைக்கு ஓர் எண்ணும் புதிதாக வேண்டும்.

"ஒரு எண் செல்லு."

"அம்பத்திரெண்டு."

"அது ஆருட?"

"உம்மாட வயசு."

"இன்னொண்டு?"

"நாப்பத்தொம்பது. சாச்சிட வயசு."

முதல் ஆண்டிலேயே றாஹிலாவின் குடும்பம் முடிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டில் ஸமட்டின் குடும்பத்தை எடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில் அயல்வீட்டார் அனைவரும் களப்பில் இறங்கினர்.

"என்னங்க, சுஹறா ராத்தாட வயசு இதோட ஆறு தரம் வந்திட்டு," என்றாள் றாஹிலா.

"கூட்டி எழுதட்டா?"

"ஐயோ, குறைச்சு எழுதுங்க. கேள்விப்பட்டா அவ சந்தோசப்படுவா."

திங்கள் மாலை ஐந்து ஏடுகளும் முடிந்தன. அப்போதுதான் அவர்கள் தாளைப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளும் ஒரே வெள்ளை. ஒரே நீலம். நேற்றுப் பிறந்த குழந்தையைப்போல ஏடுகள் மணத்தன.

"தேத்தண்ணியில ஒத்தி எடுத்தாப் பழசாப் பெயித்திரும்," என்றாள் றாஹிலா. அடுப்பில் இருந்த கேத்தலைக் கொண்டுவந்து, துணியை நனைத்து, தாள் தாளாகத் தடவி, செவ்வாய்க்கிழமை வெயிலில் முற்றமெங்கும் பரப்பிவைத்தாள். நிறம் மிகப் பொருத்தமாகப் பிடித்தது. பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார் ஸமட்.

அந்தக் கேத்தலில் இருந்தது, கோப்பைக்கு நாலு கரண்டிச் சீனி கேட்கும் மீனாம்பிகை ஆசிரியைக்காக ஊற்றிவைத்த தேநீர் என்பது பின்னேரந்தான் தெரியவந்தது. அதற்குள் 1976ஆம் ஆண்டின்மீது எறும்புகள் ஏறிவிட்டன. 1977ஐத் தட்டியபோது அவை 1978க்குப் போயின. 1978ஐ உதறியபோது 1980க்குள் குடிபுகுந்தன.

"வெள்ளிக்கிழமை வரியிலதான் கூட இரிக்கி," என்றாள் றாஹிலா, உற்றுப் பார்த்துவிட்டு.

"இதுகளாவது வெள்ளிக்கிழமை வந்திரிக்கே," என்றார் ஸமட். அதற்குமேல் அவரிடம் சூழ்ச்சி எதுவும் மிச்சமில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதை ஓட்டிவந்த சாரதி கலந்தர், மரநிழலில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். இறங்கிய கலாநிதி நல்லரெத்தினம் தமது கையொப்பத்தைப்போலவே மெலிந்து நீண்டிருந்தார். குறைவாகப் பேசுபவர். முதலில் அடுத்த அறைக்குப் போய்ச் சித்திரங்களை நெடுநேரம் பார்த்தார். நூற்றுப் பதின்மூன்று பறவைகளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு மேசையில் வந்தமர்ந்து, "பதிவேடுகள்," என்றார்.

ஸமட் ஐந்தையும் கொண்டுவந்து வைத்தார். கலாநிதி 1979ஐத் திறந்தார். மே மாதத்திலிருந்து ஓர் எறும்பு புறப்பட்டு அவருடைய விரலில் ஏறியது. அதை மெதுவாக ஊதிவிட்டார். தாளை முகர்ந்தார். தமது தோற்பையைத் திறந்து, தடித்த கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஐந்து ஆண்டுகளாக மாதந்தோறும் ஸமட் தம் கையாலேயே எழுதி, தம் நாவாலேயே உறையை ஒட்டி அனுப்பிய அறுபது பிரதிகளும் திகதி ஒழுங்கில், ஒன்றுகூடத் தவறாமல், நூலாற் கட்டப்பட்டிருந்தன.

கலாநிதி ஒரு வெள்ளிக்கிழமையை அங்கே பார்த்தார். அதே வெள்ளிக்கிழமையை இங்கே பார்த்தார். பிறகு ஸமட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையிற் கோபத்தைவிடக் களைப்பே மிகுதியாக இருந்தது.

"இங்கேயுமா?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் ஸமட் இடிந்துபோனார்.

"ஐயா, இது முழுக்கப் பொய். இந்தா, இந்த வெள்ளிக்கிழமையில நிக்கிறது கொக்கில்ல, என்ட மாமி. மாலையில நிக்கிற சாச்சி. பழைய ஏடுதான் சரி. வெள்ளிக்கிழமையில நான் பதினொரு மணியோட ஜும்ஆக்குப் பெயித்திருவன். மறுகா வாறல்ல. நோன்பில நாலு மணிக்குப் பரணில ஏறல்ல. பெருநாளண்டைக்கு இந்தப் பக்கமே நான் எட்டிப் பாக்கல்ல. கொக்கு வந்ததா போனதா எண்டு படைச்சவனுக்குத்தான் தெரியும்."

"பழைய ஏடுகள் எங்கே?"

குசினியில் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து றாஹிலா அவற்றைத் தூக்கிவந்து வைத்தாள். கலாநிதி, அவற்றோடு இருந்த 1981ஆம் ஆண்டு ஏட்டில் சென்ற வெள்ளிக்கிழமையை எடுத்தார். காலை ஐம்பத்தொன்று என்று மட்டும் இருந்தது.

"பன்னிரண்டு மணிக்கு?"

"நான் இரிக்கல்ல, ஐயா."

"நான்கு மணிக்கு?"

"முத்தத்தில கன பறவை நிண்டிச்சு. நான் எண்ணல்ல, ஐயா. எண்ணுறத்துக்கு எனக்கு மனம் இரிக்கல்ல."

கலாநிதி ஏட்டை மூடினார். "முடிவை எழுத்தில் அறிவிப்பேன்," என்றார். பழைய ஏடுகள் ஐந்தும், பிரதிக் கட்டும், சித்திரங்களும் ஜீப்பில் ஏறின. மாதம் முடிந்துவிட்டமையால் மீனாம்பிகையும் ஏறினார். றாஹிலா ஊற்றிவைத்த தேநீரை எவரும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் அவள் அந்தத் தடவை சீனி போடவில்லை. சீனி என்றாலே அவளுக்குப் பயம் பிடித்துவிட்டிருந்தது.

ஜீப் புழுதியில் மறைந்தது. ஸமட் தொலைநோக்கியைத் துடைத்து உறையில் இட்டார். பரணிலிருந்து ஏணியை இறக்கினார். அடுத்து வருபவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா?

"உட்டுத் தள்ளுங்க," என்றாள் றாஹிலா. "என்ட காக்காட கடையில நிண்டுக்கலாம். அங்க தேங்காய்தான் எண்ணுற. அது பறக்காது."

"வெள்ளிக்கிழமையில?"

"வெள்ளிக்கிழமையில கடை பூட்டு. ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

கதவைப் பூட்டத் திறப்பை எடுத்தபோது, வெளியே ஜீப்பின் சத்தம் மறுபடியும் கேட்டது. ஸமட்டின் கையிலிருந்து திறப்பு விழுந்தது. கலந்தர் மட்டும் இறங்கி ஓடிவந்தான்.

"ஐயாட தொப்பிய உட்டிட்டுப் போனமாம். ஆக்கள் சந்தியில கடையடியில நிக்கிறாங்க, காக்கா. எடுத்துத் தாங்க கெதியா."

றாஹிலா தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஸமட் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மறைக்காமச் செல்லு. ஐயா ஜீப்புக்குள்ள என்ன கதைச்சாரு? பொலிசுக்கும் எழுதுவாராமா?"

கலந்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன பொலிசு? மடியில வெச்சே உங்கட நிரந்தர நியமனத்த எழுதி முடிச்சிட்டார். மற்ற எட்டு நிலையத்து ஆக்களுக்கும் எண்ணப் பழக்கிறத்துக்கு உங்களத்தான் அனுப்பப் போறாராம். வெள்ளிக்கிழமையில மட்டும் வகுப்பு வைக்காம ஒழுங்கு பண்ணுவமெண்டு ரீச்சரிட்டச் செல்லிச் செல்லிச் சிரிச்சார். ஐயா சிரிச்சத இண்டைக்குத்தான் நான் கண்ட."

றாஹிலா பக்கத்திலிருந்த கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டாள். ஸமட்டுக்குக் கதிரை கிடைக்கவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னயா? இந்தப் பொய்ப் பதிவேடு எழுதின என்னயா?"

"அது மூண்டு நாள் வேலதானே, காக்கா, அதுவும் எறும்போட," என்றான் கலந்தர், ஜீப்பில் ஏறிக்கொண்டே. "மற்ற எட்டு இடத்துப் பதிவேட்டில, சூறாவளி அடிச்சு நிலையத்துட கூரையே பறந்த அண்டைக்கும் ஒரு கொக்குக் குறையல்லயாம், எண்ணாத அண்டைக்கு எண்ணாம உட்ட ஆள் நீங்க ஒராள்தானாம்!"